நித்திரைக் குளிசையும் நாம் மறைக்கும் உண்மையும்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நித்திரைக்காகவும் மனப் பதற்றத்துக்காகவும் கொடுக்கப்படும் குளிசைகளை மதுவோடும், மயக்கம் தரக்கூடிய வேறு மருந்துகளோடும் கலந்து எடுப்பதால் விளையும் ஆபத்தே இன்றைய உரையின் தலைப்பாகும். "மதுவா? அது எமது வீட்டுக்குச் சம்பந்தமில்லாத விடயம்" என்று எண்ணி வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள். இந்த ஆபத்து எமது வீடுகளுக்குள் இரண்டு வாசல்களால் நுழைகின்றது. ஒன்று, மதுவே இல்லாமல், மருந்துப் பெட்டியின் வழியாக நுழைவது. மற்றையது, மது இருக்கின்ற இடத்தில், அதை நாம் மறைப்பதன் வழியாக நுழைவது. இவ்விரண்டு வாசல்களையும் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இம்மருந்துகள் உடலில் என்ன செய்கின்றன என்பதை விளங்கிக்கொள்வோம்.

நாம் உறங்கும்போது நினைத்து நினைத்து மூச்சு விடுவதில்லை. மூளையின் அடிப்பகுதியில், அது முள்ளந்தண்டு வடத்தோடு சேருமிடத்தில், சுவாசத்தை நடத்தும் மையம் ஒன்றை அல்லாஹ் அமைத்துள்ளான். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு சற்றுக் கூடினாலும் அம்மையம் அதை உணர்ந்து, "மூச்சை இழு" என்று கட்டளையிடுகின்றது. நாம் உறங்கினாலும் அந்தக் காவல் உறங்குவதில்லை. நித்திரைக் குளிசைகளும் மதுவும் அளவு மீறும்போதும் ஒன்றோடொன்று கலக்கும்போதும் அந்தக் காவலையே உறங்க வைத்துவிடுகின்றன.

மூளையின் வேகத்தைத் தணிக்கின்ற 'காபா' என்ற இரசாயனம் இயற்கையாகவே எம்மிடம் உண்டு. டயஸிபாம், க்ளோனஸிபாம், அல்ப்ரஸோலம் போன்ற குளிசைகள் அந்தக் காபாவின் வேலையைப் பலப்படுத்துகின்றன. ஸோல்பிடெம் என்ற நித்திரைக் குளிசையும் அவ்வாறே செய்கின்றது. மதுவும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் வேலை செய்கின்றது. கொடீன், ட்ரமடோல், மோர்பின் போன்ற வலி மருந்துகள் வேறொரு வழியால் சென்று சுவாச மையத்தையே நேரடியாக மந்தப்படுத்துகின்றன. வாசல்கள் பலவாயினும் இவை போய்ச் சேரும் வீடு ஒன்றே. எனவே இவற்றை ஒன்றாக எடுக்கும்போது மயக்கம் பெருகுகின்றது. மூச்சு ஆழம் குறைந்து, இடைவெளி கூடி, சில வேளை நின்றும் விடுகின்றது. தொண்டையின் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் விழுகின்றது. வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் செல்லாமல் தடுக்கும் இருமலும் எழுவதில்லை.

இங்கேதான் பலர் ஏமாந்து போகின்றார்கள். "அந்தக் குளிசையை நான் பல வருடங்களாக எடுக்கின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கின்றார்கள். டயஸிபாம் போன்ற குளிசைகளைத் தனியாக எடுத்தவர் உயிரிழப்பது அரிதென்பது உண்மைதான். அதே குளிசை மதுவோடும் வலி மருந்தோடும் சேரும்போது அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடுகின்றது. ஆகவே "இக்குளிசை ஆபத்தானதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இதனோடு வேறு என்ன என் உடலில் இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும்.

இது மருத்துவ உலகம் நீண்ட காலம் கற்ற பாடம். ஜெர்மனியில் 1903ஆம் ஆண்டு பார்பிட்டால் என்ற நித்திரை மருந்து சந்தைக்கு வந்தது. அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் பயன்படுத்தப்பட்டன. நித்திரை தரும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடையே அவற்றில் இருந்த தூரம் மிகக் குறைவு. மதுவோடு சேரும்போது அது மேலும் குறைந்தது. பின்னர் 1960இல் வேறோர் இனத்தின் முதல் மருந்து வந்தது. 1963இல் டயஸிபாம் வந்தது. இவை முன்னையவற்றை விடப் பாதுகாப்பானவையே. அந்த நம்பிக்கையே கவனக்குறைவுக்கும் இடமளித்தது. 2016ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இந்த இனத்துக் குளிசைகளையும் மோர்பின் இனத்து வலி மருந்துகளையும் ஒன்றாக எடுப்பது மூச்சை ஒடுக்கி மரணத்தை விளைவிக்கலாம் என்ற எச்சரிக்கையை, இருவகை மருந்துகளின் விபரத்தாள்களிலும் கட்டமிட்டு அச்சிட வேண்டுமெனப் பணித்தது. ஒரு மருந்துக்கு அந்நிர்வாகம் விதிக்கும் மிகக் கடுமையான எச்சரிக்கை அதுவாகும்.

நேயர்களே! மது இல்லாமலே இது நிகழும் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2008ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஹீத் லெட்ஜர் என்ற அவுஸ்திரேலிய நடிகர் நியூயோர்க்கில் தமது இல்லத்தில் உயிரற்றுக் கிடந்தார். வயது 28. மரணத்தை ஆராய்ந்த அந்நகர மருத்துவப் பரிசோதகர் அலுவலகம், ஆறு மருந்துகள் ஒன்றுசேர்ந்து விளைவித்த தற்செயலான மரணம் அது என அறிவித்தது. இரண்டு வலி மருந்துகள், பதற்றத்துக்கும் நித்திரைக்கும் உரிய மூன்று மருந்துகள், தடிமன் மருந்துகளிலும் காணப்படும் டொக்ஸிலமின் என்பனவே அந்த ஆறு. அப்பட்டியலில் மது இல்லை. மரணத்துக்குக் காரணம் ஏதோ ஒரு மருந்தெனச் சொல்லப்படவுமில்லை. அவை யாவும் கூடிய விளைவே காரணமெனச் சொல்லப்பட்டது. அவர் புகழ்பெற்றவராதலால் உலகம் அறிந்தது. புகழில்லாத வீடுகளில் இவ்வாறு நேர்ந்தால், "நித்திரையிலேயே போய்விட்டார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது.

இனி எமது வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். எழுபது வயதான உம்மம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவினால் கால் எரிகின்றது. அதற்காக இரவில் அமிட்ரிப்டிலின் அல்லது பிரெகபலின் கொடுக்கப்படுகின்றது. நித்திரை வரவில்லை என்றதற்கு வேறொரு வைத்தியர் டயஸிபாம் கொடுத்திருக்கிறார். தடிமன் பிடித்தபோது மகன் பாமசியில் 'பிரிட்டன்' வாங்கி வந்தார். இருமலுக்குப் பக்கத்து வீட்டுப் பாணி மருந்தும் ஒரு கரண்டி கொடுக்கப்பட்டது. இந்த நான்கும் மயக்கம் தருபவை. கொடுத்தவர்கள் நால்வரும் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆயினும் நான்கையும் ஒரே நேரத்தில் பார்த்தவர் எவருமில்லை.

அந்த உம்மம்மா பின்னிரவில் தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழும்புகின்றார். வுழூச் செய்யக் குழாயடிக்குச் செல்கின்றார். தலை சுற்றுகின்றது, ஈரமான சீமெந்துத் தரையில் விழுகின்றார், இடுப்பெலும்பு முறிகின்றது. இது வயதின் கோளாறென நாம் சொல்லிவிடுகின்றோம். உண்மையில் அது குளிசைகளின் கூட்டுத் தொகையாகவும் இருக்கலாம். முதுமையில் ஈரலும் சிறுநீரகமும் மெதுவாகவே வேலை செய்கின்றன. ஆதலால் மருந்துகள் உடலில் அதிக நேரம் தங்குகின்றன.

இந்தத் தங்கும் நேரத்தைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். டயஸிபாம் குளிசையின் பாதியளவு இரத்தத்திலிருந்து நீங்குவதற்கே சாதாரணமாக 20 முதல் 50 மணித்தியாலங்கள் வரை செல்லும். அது மாறி உருவாகும் பொருள் அதைவிட நீண்ட நேரம் தங்கும். ஆகவே, "நேற்றிரவுதானே குளிசை எடுத்தேன்" என்று நினைத்து இன்று மாலை வேறொரு மயக்க மருந்தையோ மதுவையோ எடுப்பவர், இடைவெளி விட்டதாக எண்ணிக்கொண்டு இரண்டையும் கலக்கவே செய்கின்றார். ஸோல்பிடெம் விரைவில் நீங்கக்கூடியது. எனினும் அதை எடுப்பவர் ஏழு அல்லது எட்டு மணித்தியாலம் உறங்க வேண்டும். மறுநாட் காலையிலும் சிலரின் இரத்தத்தில் அது எஞ்சியிருந்ததால், பெண்களுக்கான ஆரம்ப அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்குமாறு 2013இல் அமெரிக்க நிர்வாகம் பணித்தது. நோன்பு காலத்தில் இரவு பதினொரு மணிக்கு இக்குளிசையை எடுத்துவிட்டு, ஸஹருக்கு மூன்றரைக்கு எழும்பி, ஸுபஹ் தொழுததும் முச்சக்கர வண்டியை வீதிக்கு எடுக்கும் சகோதரரே! உங்கள் கண்கள் திறந்திருந்தாலும் மூளை முழுதாக விழித்திருக்காது. நோன்பு தொடங்குவதற்கு முன்னரே வைத்தியரிடம் சென்று மருந்தின் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னுமொரு விடயம். எமது நாட்டில் சிறிய மருந்தகங்கள் பலவற்றில் குளிசைகளைக் கடதாசி உறையிலிட்டு, காலை, இரவு என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. "சின்ன வெள்ளைக் குளிசை" என்பதைத் தவிர அதன் பெயர் எமக்குத் தெரியாது. பெயர் தெரியாத குளிசையோடு எது சேரும், எது சேராது என்பதை எப்படி அறிவோம்? உறையில் மருந்தின் பெயரை எழுதித் தருமாறு மரியாதையோடு கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இனி இரண்டாவது வாசலுக்கு வருவோம். இதைப் பேசுவது கடினம். பேசாமல் விடுவது அதைவிட ஆபத்து.

எமது சமூகத்திலும் மது அருந்துவோர் இருக்கின்றார்கள். அவர்களில் அநேகர் மறைவில் அருந்துகின்றார்கள். மது ஹராம் என்பதில் எமக்குள் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த வெட்கத்தின் காரணமாக, வைத்தியர் "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்கும்போது "இல்லை, நாங்கள் முஸ்லிம்கள்" என்று பதில் வருகின்றது. வைத்தியர் அதை நம்பி நித்திரைக் குளிசையை எழுதுகின்றார். அந்தப் பொய்யின் விலையை அன்றிரவு அந்த மனிதரின் மூச்சு கொடுக்கக்கூடும்.

குறிப்பாக ரமழானில் நிகழக்கூடிய ஒன்றைச் சொல்கின்றேன். நாள்தோறும் அதிகமாக அருந்தி வந்த ஒருவர், முதல் நோன்போடு திடீரென நிறுத்துகின்றார். எண்ணம் மிக நல்லது. ஆனால் மதுவுக்குப் பழகிய மூளை, அது நின்றதும் கட்டவிழ்ந்தது போலாகின்றது. சில மணித்தியாலங்களில் கை நடுங்குகின்றது, வியர்க்கின்றது, நித்திரை வருவதில்லை. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பின்னர் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதவை கண்ணுக்குத் தெரியலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை. அந்தத் தவிப்பில் நண்பரிடம் நித்திரைக் குளிசைகளை வாங்கித் தாமாகவே விழுங்குகின்றார். தாங்க முடியாத இரவில் மீண்டும் மதுவையும் தொடுகின்றார். இப்போது இரண்டும் சேர்கின்றன. டயஸிபாம் போன்ற மருந்துகளைக் கொண்டே வைத்தியர்கள் இந்நிலைக்குச் சிகிச்சை அளிக்கின்றார்கள் என்பது உண்மை. அது வைத்தியசாலையில், அளவு பார்த்து, மூச்சைக் கண்காணித்துச் செய்யப்படுவது. எனவே, மதுவை விட நாடும் சகோதரரே! உங்கள் தௌபாவோடு ஒரு வைத்தியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்னரே செல்லுங்கள். சிகிச்சை பெறுவது தௌபாவுக்கு முரணானதல்ல, அதற்குத் துணையானது.

"ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பது நன்மையல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம், பிறர் குறையைச் சந்தியில் வைத்துப் பேசாதிருப்பது எமது மார்க்கம் கற்றுத்தந்த பெரும் பண்பு. எனினும் வைத்தியரிடம் உண்மையைக் கூறுவது குறையைப் பரப்புவதாகாது. ஒருவரைப் பற்றி அவர் இல்லாதபோது பேசுவது அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் வகுத்துத் தந்துள்ளார்கள். தீமையை நீக்க உதவி தேடுவதும், தீங்கிலிருந்து எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். ஷரீஆ பாதுகாக்கும் ஐந்து விடயங்களை எடுத்துரைத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், மார்க்கத்தோடு உயிரையும் அறிவையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள். உயிரும் அறிவும் ஒரே இரவில் ஆபத்துக்குள்ளாகும்போது மௌனம் காப்பது எப்படி நன்மையாகும்? வைத்தியரும் நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமை உடையவர்.

அன்புக்குரிய தாய்மார்களே! ஆபத்தின் அடையாளங்களை நீங்கள் அறிந்திருப்பது அவசியம். மகனோ கணவரோ வழமைக்கு மாறாகப் பலத்த குறட்டையோடு, அல்லது கொறகொறவென்ற சத்தத்தோடு உறங்குகின்றார். தோளைத் தட்டி, பெயர் சொல்லி உரத்து அழைத்தும் எழும்பவில்லை. மூச்சு மெதுவாக, விட்டுவிட்டு வருகின்றது. உதடுகளும் நகங்களும் நீலம் பாய்கின்றன. "நன்றாக உறங்குகிறார், விடியட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் குறட்டை ஆழ்ந்த நித்திரையின் சத்தமன்று. அடைபடும் மூச்சின் சத்தம். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட 'சுவசெரிய' அம்பியூலன்ஸ் சேவை அது, கட்டணமில்லை. மூச்சு இருக்குமாயின் அவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். தனியே விட்டுச் செல்லாதீர்கள். வாய்க்குள் தேசிக்காய்ச் சாறோ கோப்பியோ ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தலையில் தண்ணீர் ஊற்றி நேரத்தைக் கழிக்காதீர்கள். அவர் எடுத்த குளிசைகளின் அட்டைகளையும் போத்தல்களையும் கையோடு கொண்டு செல்லுங்கள். "மது அருந்தியிருந்தாரா?" என்று கேட்கப்பட்டால், ஆம் என்றால் ஆம் என்றே சொல்லுங்கள். மானம் பின்னர் மீளலாம். அடங்கிய மூச்சு மீளாது.

இக்குளிசைகளை இப்போது எடுத்து வருவோருக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. இவ்வுரையைக் கேட்டுப் பயந்து நாளையே அவற்றை நிறுத்திவிடாதீர்கள். பல வாரங்கள் தொடர்ந்து எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். வைத்தியரின் ஆலோசனையோடு சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் எடுக்கும் மருந்துகள் யாவற்றையும், இருமல் பாணியும் நாட்டு மருந்தும் உட்பட, ஒரே தாளில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். எந்த வைத்தியரிடம் சென்றாலும் முதலில் அதைக் காட்டுங்கள். புதிய மருந்து வாங்கும்போது பாமசியில், "இது நித்திரை வரச் செய்யுமா? இந்தப் பட்டியலோடு சேருமா?" என்று கேளுங்கள். உங்கள் நித்திரைக் குளிசையை அயலவருக்கு இரக்கப்பட்டுக் கொடுக்காதீர்கள். அவருடைய உடலில் வேறு என்ன இருக்கிறதென்பது உங்களுக்குத் தெரியாது. குறட்டையும் மூச்சடைப்பும் உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லாமல் நித்திரைக் குளிசையை ஏற்காதீர்கள். பிரெகபலின், ட்ரமடோல் போன்ற குளிசைகள் போதைக்காக இரகசியமாக விற்கப்படுவதும், பொலிசாரால் கைப்பற்றப்படுவதும் அண்மைக் காலமாக நாம் கேள்விப்படும் செய்திகள். பிள்ளைகளின் சட்டைப்பையில் பெயர் தெரியாத குளிசையைக் கண்டால், அடிப்பதற்கு முன்னர் உட்கார வைத்துப் பேசுங்கள்.

நித்திரையின்மைக்குக் குளிசை ஒன்றே வழியல்ல. நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதலில் கொடுக்கப்பட வேண்டியது, உறக்கப் பழக்கங்களையும் அதுபற்றிய எண்ணங்களையும் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சையே என 2016இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி பரிந்துரைத்தது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழும்புவதும், மாலைக்குப் பின்னர் தேநீரைக் குறைப்பதும், படுக்கையில் கைத்தொலைபேசியை விலக்குவதும் எவரும் இன்றே தொடங்கக்கூடியவை. மது நித்திரை தருமென்பது ஒரு மாயை. அது முன்னிரவில் மயக்கிப் பின்னிரவின் உறக்கத்தைக் குலைத்துவிடுகின்றது.

மனச்சுமையால் உறங்க முடியாமல், வாழ்வே வெறுத்துப் போன ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாராயின், உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் உயிர் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். அதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். வீட்டார் அத்தகையவரின் கைக்கெட்டாதவாறு குளிசைகளைப் பூட்டி வையுங்கள்.

நித்திரை அல்லாஹ்வின் அருட்கொடை. அதைத் தேடும் வழியில் அமானிதமான உயிரை இழந்துவிடாதிருக்க, எமது மருந்துப் பெட்டியை இன்றே ஒழுங்கு செய்வோம். வைத்தியரிடம் உண்மையைப் பேசுவோம். எமது இரவுகளை அமைதியாகவும், எமது காலைகளை ஆரோக்கியமாகவும் அவன் ஆக்கியருள்வானாக! மறைவில் தத்தளிப்போருக்கு மீளும் வழியையும் துணைநிற்போரையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.